எடைதான் முதல் கணக்கு: மெக்லாரன் எஃப்1 வழியே சூப்பர் காரைப் புரிந்துகொள்ளுதல்

சூப்பர் கார் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் எவ்வளவு வேகம் போகும் என்பதே முதலில் எழும் கேள்வி. அடுத்து குதிரைத்திறன் எவ்வளவு என்பார்கள், பிறகு விலையைக் கேட்பார்கள். எடை எவ்வளவு என்று கேட்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தகைய கார் ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது, ஏன் அப்படிப் பாய்கிறது, ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் ஏன் வேறெந்தக் காரிலும் கிடைக்காத உணர்வைத் தருகிறது என்று தேடப் புகுந்தால், எடையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இதை விளக்க, 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் காரின் கதை ஒரு விமான நிலையத்தில் தொடங்குகிறது. 1988-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்கள் 16-இல் 15-ஐ மெக்லாரன் அணி வென்றது. தோற்ற ஒரே பந்தயம் இத்தாலியின் மான்சாவில் நடந்தது. அது முடிந்து ஊர் திரும்புவதற்காக மிலான் நகரின் லினாட்டே விமான நிலையத்தில் காத்திருந்தபோது விமானம் தாமதமானது. அணித் தலைவர் ரான் டென்னிஸ், பங்குதாரர் மன்சூர் ஓஜே, நிர்வாகி கிரெய்ட்டன் பிரவுன், வடிவமைப்பாளர் கார்டன் மரே ஆகிய நால்வரும் அங்கே பேசிக்கொண்டிருந்த பேச்சு, சாலையில் ஓடும் ஒரு காரை மெக்லாரனே செய்தால் என்ன என்ற திசைக்குத் திரும்பியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த மரே, பந்தயக் கார்களில் ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பழகியவர். சாலைக் காருக்கும் அவர் அதே கணக்கைத்தான் கொண்டுவந்தார். மொத்த எடை 1,000 கிலோ என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட இலக்கு.

எடையின் மீது ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். நம் சாலைகளில் நாள்தோறும் பார்க்கும் சிறிய குடும்பக் கார் சுமார் 900 கிலோ எடையும் 85 குதிரைத்திறனும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 95 குதிரைகள் அதை இழுக்கின்றன. மெக்லாரன் எஃப்1 முடிவில் 1,138 கிலோவில் வந்து நின்றது. அதன் என்ஜின் தருவது 627 குதிரைத்திறன். டன்னுக்கு 550 குதிரைகள். இப்போது 2005-இல் விற்பனைக்கு வந்த புகாட்டி வேய்ரானைப் பார்ப்போம். அதில் 16 சிலிண்டர்கள், என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் நான்கு டர்போக்கள், 1,001 குதிரைத்திறன். ஆனால் அதன் எடை 1,888 கிலோ என்பதால், டன்னுக்கு வருவது 530 குதிரைகளே. பதின்மூன்று ஆண்டுகள் முந்தைய கார், 370-க்கும் மேற்பட்ட குதிரைகள் குறைவாக வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கில் முன்னே நிற்கிறது.

திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டுமே பலன் தெரியும். எடையைக் குறைத்தாலோ கிளம்பும்போதும் நிற்கும்போதும் திரும்பும்போதும் பலன் தெரியும். டயரும் பிரேக்கும் குறைவாகத் தேயும். திறனைக் கூட்டுவதற்குப் பெரிய என்ஜின் வேண்டும், அதைக் குளிர்விக்கப் பெரிய ரேடியேட்டர் வேண்டும், அவற்றைத் தாங்கக் கனமான சட்டமும் நிறுத்தக் கனமான பிரேக்கும் வேண்டும். ஆக, ஒரு கிலோவைச் சேர்த்தால் அது தனியாக வருவதில்லை, தன் சுற்றத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. குறைக்கும்போதும் அப்படித்தான்.

மரே முதலில் குறைத்தது காரின் எலும்புக்கூட்டை. சாலையில் ஓடும் விற்பனைக் கார்களில் முழு உடற்கூட்டையும் கார்பன் ஃபைபரால் செய்த முதல் கார் எஃப்1. பந்தய உலகில் இதே நிறுவனம் 1981-இலேயே அந்தப் பொருளால் கார் செய்திருந்தது. கார்பன் ஃபைபர் என்பது அடிப்படையில் ஒரு துணி. முடியைவிட மெல்லிய கார்பன் இழைகளை நெய்து, பிசினில் ஊறவைத்து, அச்சின் மீது அடுக்கடுக்காகப் படியவைத்து, அழுத்தமும் வெப்பமும் சேர்ந்த அடுப்பில் வேகவைப்பார்கள். அதன் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு கைத்தறி வேட்டியே போதும். வேட்டியை நூல் ஓடும் திசையில் பிடித்து இழுத்தால் அது அசைந்து கொடுக்காது. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நெகிழ்ந்து நீளும். பாவும் ஊடும் எத்திசையில் ஓடுகின்றனவோ அத்திசையில்தான் துணிக்கு வலு. கார்பன் ஃபைபரும் அதே இயல்புடையது என்பதால், காரின் எந்தப் பகுதியில் விசை எத்திசையிலிருந்து வரும் என்று கணக்கிட்டு, அத்திசைக்கு ஏற்ப ஒவ்வோர் அடுக்கையும் திருப்பி வைக்கிறார்கள். எஃகுத் தகட்டில் எல்லாத் திசைக்கும் ஒரே வலுவைத்தான் வாங்க முடியும், தேவைப்படாத திசையின் வலுவையும் சேர்த்தே சுமக்க வேண்டும். இழையில் அந்த வீண் சுமை இல்லை.

எலும்புக்கூட்டுக்குப் பிறகு நகம், பல் வரை கணக்குப் போனது. காரோடு கொடுத்த கருவிப் பெட்டியின் ஸ்பானர்கள் டைட்டானியத்தால் ஆனவை. சக்கரங்கள் மெக்னீசியம். கென்வுட் நிறுவனம் இந்தக் காருக்கென்றே எடை குறைந்த சி.டி. பிளேயரைச் செய்து கொடுத்தது, வானொலி வைக்கவில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை. ஆனால் குளிர்சாதனம் உண்டு, பயணப் பெட்டிகளுக்கு இடம் உண்டு. வாங்குபவர் இதை அன்றாடம் ஓட்ட வேண்டும், குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும் என்பதில் மரே உறுதியாக இருந்தார். அதற்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். காரை. சிக்கனத்தின் பெயரால் ஓட்டுபவரை வதைக்கக் கூடாது என்ற இந்த எண்ணம் எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த ஒன்று.

இத்தனை கறாருக்கு நடுவே என்ஜின் அறையின் மூடியைத் திறந்தால் உள்ளே தகதகவென்று தங்கம். ஆடம்பரத்துக்காக ஒட்டியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே தங்கத்துக்கு வேலை இருக்கிறது. புகைக்குழாய் கக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகிறது. அருகிலேயே இருக்கும் கார்பன் ஃபைபரின் பிசினுக்கு அந்தச் சூடு ஆகாது. அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் சிறந்த உலோகங்களில் ஒன்று. வெள்ளியும் செம்பும் அதைச் செய்யக்கூடியவைதான், ஆனால் அவை நாளடைவில் கறுத்துவிடும், தங்கம் கறுக்காது. தடிமனான வெப்பக் காப்பை வைத்தால் எடை ஏறும் என்பதால், தாளினும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டப்பட்டது. ஒரு காருக்குச் செலவான தங்கம் ஏறத்தாழ 16 கிராம், அதாவது இரண்டு பவுன்.

அடுத்து என்ஜின். மரே முதலில் நாடியது, அப்போது மெக்லாரன் பந்தயக் கார்களுக்கு என்ஜின் கொடுத்துவந்த ஹோண்டாவை, அது கைகூடவில்லை. பிறகு பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் என்ஜின் வல்லுநர் பால் ரோஷே அந்தப் பொறுப்பை ஏற்றார். 550 குதிரைத்திறன், 250 கிலோவுக்கு மிகாத எடை, 600 மில்லிமீட்டருக்கு மிகாத நீளம் என்று மரே கேட்டார். ரோஷே கொடுத்த 12 சிலிண்டர், 6.1 லிட்டர் என்ஜின் 266 கிலோ இருந்தது, ஆனால் 627 குதிரைத்திறனைத் தந்தது. எடைக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பான ஒருவர் கூடுதலான அந்த 16 கிலோவை ஏற்றுக்கொண்டார் என்பதே அந்த என்ஜினுக்குக் கிடைத்த நற்சான்று.

டர்போ வேண்டாம் என்பதும் மரேயின் நிபந்தனை. அக்காலத்துப் பெரிய பெயர்களான ஃபெராரி எஃப்40, புகாட்டி இ.பி.110, ஜாகுவார் எக்ஸ்.ஜே.220 மூன்றிலும் டர்போ இருந்தது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் ஒரு விசிறி. சிறிய என்ஜினிலிருந்து பெரிய திறனைக் கறக்க அது நல்ல வழிதான். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை பெருகி, விசிறி வேகமெடுத்து, காற்று திணிக்கப்பட்டு, அதன் பிறகே திறன் வந்து சேர வேண்டும். இந்த இடைவெளியில் கார் ஒரு கணம் யோசிப்பது போலிருந்து, பிறகு சட்டென்று முதுகில் அறைந்தது போலப் பாயும். எஃப்1-இல் 12 சிலிண்டருக்கும் தனித்தனிக் காற்று வாயில்கள் இருந்தன. காலின் அசைவுக்கும் என்ஜினின் மறுமொழிக்கும் இடையே யாரும் குறுக்கே நிற்கவில்லை. வளைவில் பாதி வழியில் இருக்கும்போது, ஒரு நூலளவு மிதித்தால் ஒரு நூலளவே திறன் கூடும் என்று நம்ப முடிகிற காரைத்தான் மனிதர் துணிந்து ஓட்ட முடியும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பவர் நினைத்த இடத்தில் திரும்பிவிடுவார். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னால், திரும்பத் தொடங்குவதும் சிரமம், தொடங்கிய பின் நிறுத்துவதும் சிரமம். காரின் மூக்கில் என்ஜினை வைப்பது கையை நீட்டிக் குடம் பிடிப்பதைப் போன்றது. அதனால்தான் இத்தகைய கார்களில் என்ஜினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னும் பின்சக்கர அச்சுக்கு முன்னும் வைக்கிறார்கள். எஃப்1-இல் பெட்ரோல் டாங்கும் நடுவில்தான் இருந்தது. பயணப் பெட்டிகள்கூடப் பின்சக்கரங்களுக்கு முன்னால், காரின் இரு விலாவிலும் இருந்த அறைகளில் வைக்கப்பட்டன. டாங்க் நிரம்பியிருந்தாலும் வற்றியிருந்தாலும், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை பெரிதாக மாறாது.

ஓட்டுபவரை நட்டநடுவில் உட்காரவைத்ததும் இதே சிந்தனையின் நீட்சி. எஃப்1-இல் மூன்று இருக்கைகள்: நடுவில் சற்று முன்னே ஓட்டுபவர், இருபுறமும் சற்றுப் பின்னே பயணிகள். ஒருவர் தனியாக ஓட்டினாலும் எடை ஒரு பக்கம் சாயாது. அதைவிடப் பெரிய பலன் காலுக்குக் கிடைத்தது. சாதாரணக் காரில் முன்சக்கரத்தின் வளைவு உள்ளே துருத்திக்கொண்டிருப்பதால் பெடல்கள் நடுப்பக்கமாகத் தள்ளிப்போய், ஓட்டுபவர் இடுப்பை லேசாகத் திருகிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். நடுவில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங், பெடல், கண், சாலை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன.

வெளிவடிவத்தை வரைந்தவர் பீட்டர் ஸ்டீவன்ஸ். 1.14 மீட்டர் உயரமே உள்ள அந்த உடலில் பெரிய இறக்கைகளோ கூர்மையான கொம்புகளோ இல்லை. காற்றோடு அது கொண்டிருந்த உறவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் நடந்தது. காற்று எவ்வளவு பெரிய தடை என்று முதலில் பார்ப்போம். காற்றைப் பிளந்து செல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் கூடுகிறது. வேகம் இரட்டிப்பானால் தேவை எட்டு மடங்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்க எஃப்1-க்கு ஏறத்தாழ 10 குதிரைத்திறனே போதும்; 386 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 570-க்கு மேல் வேண்டும். ஆகவே உச்ச வேகம் என்பது, என்ஜின் தரும் திறனும் காற்று கேட்கும் திறனும் சமமாகும் புள்ளி. அங்கே எடைக்குப் பெரிய பங்கில்லை.

காற்று தடுப்பதோடு நிற்பதில்லை, காரைத் தூக்கவும் பார்க்கிறது. அதைத் தடுக்கப் பலரும் பின்னால் இறக்கை வைக்கிறார்கள். இறக்கை அழுத்தும், கூடவே இழுத்தும் பிடிக்கும். மரே தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பயன்படுத்தினார். அந்தக் குறுகலான வழியில் புகும் காற்று வேகமெடுக்கிறது, வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறைகிறது, மேலேயுள்ள காற்று காரைச் சாலையோடு அழுத்துகிறது. பின்பகுதியில் அடித்தட்டு மேல்நோக்கி வளையும் இடத்தில், தட்டை ஒட்டி ஊர்ந்து வரும் மந்தமான காற்றுப்படலம் பிய்ந்துவிட்டால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். அந்தப் படலத்தை உறிஞ்சி எடுக்க இரண்டு சிறிய மின்விசிறிகள் பொருத்தப்பட்டன. விசிறி மரேக்குப் புதிதில்லை. 1978-இல் அவர் பிரபம் அணிக்காக வடிவமைத்த, பின்னால் பெரிய விசிறி கொண்ட பந்தயக் காரை நிக்கி லாடா ஸ்வீடனில் ஓட்டி வென்றார். மற்ற அணிகளிடமிருந்து எழுந்த எதிர்ப்பில் அந்தக் கார் ஒரே பந்தயத்தோடு விலக்கிக்கொள்ளப்பட்டது.

பின்புற மூடியின் விளிம்பில் ஒரு சிறிய மடல் உண்டு. கடுமையாகப் பிரேக் பிடித்தால் எந்தக் காரும் மூக்கைக் குத்திக்கொள்ளும், பின்சக்கரங்களின் பிடி குறையும். அந்த நேரத்தில் மடல் தானே எழுந்து பின்பகுதியை அழுத்துகிறது. எழும்போதே பின் பிரேக்குகளுக்குக் குளிர்ந்த காற்று போகும் வழியையும் திறந்துவிடுகிறது. ஒரு பாகம் இரண்டு வேலை செய்தால் இன்னொரு பாகத்தின் எடை மிச்சம்.

இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பதை எண்கள் சொல்லும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டரை எட்ட சுமார் 3.2 விநாடி. இன்றைய மின்சாரக் கார்கள் சில இதைவிட விரைவாக எட்டுகின்றன என்று வாசகர் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்தத் தொடக்க ஓட்டத்தில் அளக்கப்படுவது பெரும்பாலும் டயரின் பிடிமானமே. நான்கு சக்கரத்துக்கும் திறனைப் பிரித்துக் கொடுத்து, கணினியால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கார்களுக்கு அங்கே இயல்பாகவே சாதகம் அதிகம். எஃப்1 பின்சக்கரங்கள் இரண்டால் மட்டுமே உந்தப்படுவது, வழுக்கலைத் தடுக்கும் கருவி எதுவும் இல்லாதது. அது தன் தரத்தைக் காட்டியது 100-க்கு மேல்: 200 கிலோமீட்டரை எட்ட மொத்தம் 9.4 விநாடியே ஆனது.

1998 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் எஃப்1-இன் ஐந்தாவது முன்மாதிரிக் காரை ஓட்டினார். கிட்டத்தட்ட 9 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத நேர்ச்சாலை கொண்ட தடம் அது. வழக்கமாக நிமிடத்துக்கு 7,500 சுற்றுகளில் நிறுத்தப்படும் என்ஜினின் வரம்பை அன்று 8,300-ஆக உயர்த்தியிருந்தார்கள். இரு திசைகளிலும் ஓட்டி எடுத்த சராசரி, மணிக்கு 386.4 கிலோமீட்டர். விநாடிக்கு 107 மீட்டர். கண்ணிமைத்துத் திறப்பதற்குள் முப்பது மீட்டர் போயிருக்கும். டர்போ இல்லாத என்ஜினால் இதைச் சாதித்தது இன்றும் வியப்புக்குரியது.

இவ்வளவும் படித்த பின் ஓட்டும் அனுபவத்துக்கு வருவோம். கதவு பக்கவாட்டில் திறக்காமல் முன்னோக்கி மேலெழுகிறது, கூடவே கூரையின் ஒரு துண்டும் எழுகிறது. அகலமான கார்பன் விளிம்பைத் தாண்டி, பயணி இருக்கையின் மேலாகக் காலைத் தூக்கிப்போட்டு, உடலை நடுவுக்கு நகர்த்த வேண்டும்; பழக்கமில்லாதவருக்கு இது சிறு உடற்பயிற்சியே. உட்கார்ந்ததும் கண்முன் வளைந்த கண்ணாடி முழுவதும் சாலை. வலக்கைப் பக்கம் ஆறு கியருக்கான குச்சி, இடக்கைப் பக்கம் கைபிரேக். காற்றை உள்ளிழுக்கும் வாய் தலைக்கு நேர் மேலே, கூரையில் இருப்பதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் மூச்சை இழுக்கும் ஓசை பின்னாலிருந்தும் மேலிருந்தும் சேர்ந்து கேட்கிறது.

பவர் உதவி இல்லாத ஸ்டீயரிங் நிறுத்துமிடத்தில் கையை வலிக்கச் செய்யும். வேகமெடுத்த பிறகோ சாலையின் சொரசொரப்பும், டயர் பிடி விடத் தொடங்கும் அந்த நுண்ணிய தளர்வும் நேரே விரலுக்கு வருகின்றன. பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டும், எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவே பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கணினி இல்லை, அந்தப் பொறுப்பு ஓட்டுபவரின் பாதத்துக்கு. ஈரச் சாலையில், 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும்போது கவனம் சிதறினால் கார் மன்னிக்காது. இதைக் குறை என்று சொல்பவர்களும் உண்டு. பாதுகாப்பு நோக்கில் அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் ஓட்டுபவரின் செயலுக்கும் காரின் அசைவுக்கும் நடுவே எதுவும் நிற்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துச் செய்த கார் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.

பந்தயத்துக்காகச் செய்யப்படாத இந்தக் கார், வாடிக்கையாளர்களின் வற்புறுத்தலால் பந்தய வடிவம் பெற்று, 1995-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டது. காற்று வாயிலைக் குறுக்கும் விதியால் அதன் திறன் சாலைக் காரைவிடக் குறைவாகவே இருந்தது. பெரும்பகுதி நேரம் மழை பெய்த அந்தப் பந்தயத்தில் யானிக் தால்மாஸ், ஜே.ஜே. லேட்டோ, மசனோரி செகியா மூவரும் ஓட்டிய எஃப்1 முதலிடம் பெற்றது. மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களும் எஃப்1 கார்களுக்கே.

இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1998 வரை முன்மாதிரிகளும் பந்தயக் கார்களும் உட்பட 106 கார்களே செய்யப்பட்டன. அவற்றில் வழக்கமான சாலைக் கார்கள் 64. மரே 2020-இல் தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் டி.50 என்ற காரை அறிமுகப்படுத்தினார். அதிலும் ஓட்டுபவர் நடுவில், இருபுறமும் பயணிகள். டர்போ இல்லாத 12 சிலிண்டர் என்ஜின், கையால் மாற்றும் ஆறு கியர், பின்னால் 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு விசிறி. அதன் எடை 1,000 கிலோவுக்குக் கீழே இருக்கிறது.